வெள்ளை இல்லாத வெள்ளைத் தலைத்துணி: ஷார்தான் தன் மனைவியை வரைந்த விதம்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கிழவியின் படம் இருக்கிறது. சுமார் 46க்கு 38 சென்டிமீட்டர், அதாவது செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னது. தலையை மூடித் தோள்வரை வழிகிற பெரிய வெள்ளைத் துணி, மேலே ஒரு சால்வை, நகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நேராகப் பார்க்கிறாள். சிரிக்கவும் இல்லை, சோகமாகவும் இல்லை. வீட்டில் ஒருத்தி கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் நிமிர்ந்து, "என்ன?" என்று ஒரு பார்வை பார்ப்பாளே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இவள் பெயர் பிரான்சுவாஸ் மார்கரித் பூஜே. வரைந்தவர் கணவர், ழான் சிமியோன் ஷார்தான். வருடம் 1775. அவருக்கு அப்போது 75 வயது, அவளுக்கு 68 வாக்கில். எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது இல்லை. பாஸ்டலில், அதாவது நிறப்பொடியைக் குச்சியாக உருட்டிக் காயவைத்து அதைக் காகிதத்தில் தேய்த்து வரைந்தது. ஷார்தான் என்றதும் ஓவியம் தெரிந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது செம்புப் பாத்திரம், மீன், பீச் பழம், தண்ணீர் டம்ளர் இதெல்லாம்தான். அப்படிப்பட்டவர் எழுபது வயதைத் தாண்டியபிறகு எதற்காகக் கருவியை மாற்றி, மனித முகத்தின் பக்கம் திரும்பினார் என்பதில்தான் இந்தப் படத்தின் கதை இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1699 நவம்பரில் பாரிஸில் பிறந்தவர். அப்பா தச்சர், பில்லியர்ட்ஸ் மேசை செய்வதில் பெயர் வாங்கியவர், அரசருக்கே செய்து கொடுத்திருக்கிறார். 1728இல் அரச ஓவியக் கழகம் ஷார்தானை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததும் "விலங்குகளும் பழங்களும் வரைவதில் தேர்ந்தவர்" என்ற அடையாளத்தோடுதான். அங்கே ஓவியங்களுக்குள் ஒரு சாதி அடுக்கு மாதிரி இருந்தது: புராணம், பைபிள், போர்க்களம் வரைகிறவர் உச்சியில், அப்புறம் உருவப்படம் வரைகிறவர், அதற்குக் கீழே அன்றாட வாழ்க்கைக் காட்சி, எல்லாவற்றுக்கும் அடியில் பழமும் பாத்திரமும். ஷார்தான் அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டே பேர் வாங்கினார். நடுவில், 1730களிலிருந்து, பாத்திரம் தேய்க்கிற பெண், சீட்டுக்கட்டில் வீடு கட்டுகிற பையன், பிள்ளைகளைச் சாப்பிட உட்கார்த்தி ஜெபம் சொல்லச் சொல்கிற அம்மா என்று மனிதர்கள் வந்தார்கள். அவர்களும் அவர் படத்தில் பாத்திரங்களைப் போலவே அமைதியாக இருந்தார்கள். (குறையாகச் சொல்லவில்லை.)

1770க்குள் கண் கெட ஆரம்பித்துவிட்டது. அன்றைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கணிசமாக இருந்தது. வெள்ளை என்றாலே ஈய வெள்ளைதான். எண்ணெயும் அதன் காரமும் சேர்ந்து கண்ணைப் பதம் பார்த்தன என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1778இல் அரசுக் கட்டடத் துறையின் தலைவர் தாஞ்சிவில்லியேவுக்கு எழுதிய கடிதத்தில் ஷார்தானே, உடல் உபாதைகளால் எண்ணெய் வண்ணத்தில் தொடர முடியவில்லை, அதனால் பாஸ்டல் பக்கம் போனேன் என்கிறார். குருடாகிப்போன கிழ ஓவியர் என்று இதைச் சிலர் உருக்கமாக எழுதுவார்கள். அது மிகை. குருடானவர் இந்தப் படத்தை வரைந்திருக்க முடியாது. பார்வை மங்கி, வெளிச்சம் கண்ணைக் கூசி, பழைய வேலைமுறை ஒத்துவராமல் போனது, அவ்வளவுதான்.

சரி, பாஸ்டல் என்றால் என்ன? பள்ளிக்கூடச் சாக்பீஸுக்குப் பணக்காரச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். நிறப்பொடி, அதோடு சுண்ணப்பொடி மாதிரி ஒரு வெள்ளைப் பொருள், இரண்டையும் பிடித்துவைக்க மிகக் கொஞ்சம் பிசின். பிசின் கூடினால் குச்சி கல்லாகிவிடும், குறைந்தால் கையிலேயே உதிரும். சொரசொரப்பான காகிதத்தில் தேய்க்கும்போது பொடி அந்தக் காகிதத்தின் குழிகளில் போய் உட்காருகிறது. ஒட்டிக்கொள்ளவில்லை, உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு விரல் பட்டால் போச்சு. அதனால்தான் பாஸ்டல் படத்துக்குக் கண்ணாடி அவசியம், அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி என்பது பணக்காரச் சமாச்சாரம்.

பிரான்சில் இதற்கு மவுசு வந்தது 1720இல், வெனிஸிலிருந்து ரொசால்பா காரியெரா என்ற பெண் ஓவியர் பாரிஸுக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கியபோது. ஊரே அவரிடம் படம் வரைந்துகொள்ள வரிசையில் நின்றது. எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகக் காத்திருக்க வேண்டும், பாஸ்டலில் அந்தத் தொல்லை இல்லை, உட்காருகிறவருக்கும் நேரம் மிச்சம். அப்புறம் இன்னொரு பொருத்தம். அன்றைய பிரபுக்களும் சீமாட்டிகளும் முகத்தில் வெள்ளைப் பவுடர், கன்னத்தில் ரூஜ் என்ற சிவப்புப் பூச்சு, தலையில் மறுபடி பவுடர் என்று திரிந்த காலம். பொடி பூசிய முகத்தைப் பொடியாலேயே வரைவதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? தோலின் மேல் இருப்பதும் காகிதத்தின் மேல் இருப்பதும் ஏறக்குறைய ஒரே சரக்கு. காரியெராவுக்கு அப்புறம் மோரிஸ் காந்தான் த லா தூர் வந்து இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1755இல் அவர் காட்சிக்கு வைத்த, பதினைந்தாம் லூயி அரசரின் காதலி மதாம் பொம்பதூரின் படம், பல காகிதங்களை ஒட்டி, ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 1.77 மீட்டர். எண்ணெய் ஓவியத்தோடு மல்லுக்கு நிற்பேன் என்று பாஸ்டல் அறைகூவின மாதிரி இருக்கும் அது.

ஆக ஷார்தான் கையில் எடுத்தது முகஸ்துதிக்கென்றே பழகிப்போன ஒரு கருவி. அதை வைத்து அவர் வரைந்தது பவுடர் பூசாத, ரூஜ் இல்லாத, வாய் கொஞ்சம் உள்ளே அமுங்கிப்போன ஒரு வயதான மனைவியை. இந்தப் படத்தில் எனக்கு முதலில் உறைக்கிற விஷயம் இதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். ஜெனிவாக்காரர் ழான் எத்தியென் லியோத்தார், அதே நூற்றாண்டின் பெரிய பாஸ்டல் ஓவியர். கான்ஸ்டான்டினோபிளில் சில வருடம் இருந்துவிட்டு நீண்ட தாடியும் துருக்கி உடையுமாக ஐரோப்பாவைச் சுற்றியவர். 1756இல் ஆம்ஸ்டர்டாமில் வசித்த பிரெஞ்சு வணிகர் ஒருவரின் மகள் மரி ஃபார்க்கைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்காகத் தாடியை எடுத்தார் என்பது பிரபலமான கதை. அவர் மனைவியை வரைந்த பாஸ்டல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மரி துருக்கி உடையில் இருக்கிறாள். கோடு தெரியாமல், தேய்த்து வழவழவென்று முடித்த அழகான படம், மறுப்பில்லை. ஆனால் அதில் மனைவி வேஷம் போட்டிருக்கிறாள், அதுவும் கணவனுக்குப் பிடித்த வேஷம். ஷார்தானின் மனைவி வீட்டில் எப்படி இருந்தாளோ அப்படி இருக்கிறாள்.

அவள் யார் என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் படத்தில் இருப்பவள் வெறும் "ஓவியரின் மனைவி" இல்லை.

ஷார்தானுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி மார்கரித் சேந்தார். நிச்சயமாகிப் பல வருடம் இழுத்து, 1731இல் கல்யாணம் நடந்தது. 1735 ஏப்ரலில் இறந்துவிட்டாள். அதற்கு இரண்டு மாதம் முன்பு தேதியிட்ட ஒரு படம், டீ குடிக்கிற பெண், இப்போது கிளாஸ்கோவில் ஹன்டேரியன் காட்சியகத்தில் இருக்கிறது. அது அந்த முதல் மனைவிதான் என்று பலர் கருதுகிறார்கள். சிவப்பு மேசை, கோப்பையிலிருந்து எழும் ஆவி, பக்கவாட்டு முகம். பார்க்கிறவரை அவள் கவனிக்கவே இல்லை.

1744 நவம்பரில் பிரான்சுவாஸ் மார்கரித்தை மணந்தார். அவளும் விதவை, 37 வயது, வசதியுள்ளவள். பிரின்செஸ் தெருவில் அவளுக்குச் சொந்த வீடு, வருமானம் வேறு. ஷார்தான்தான் அவள் வீட்டுக்குக் குடிபோனார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை. 1745இல் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில மாதத்திலேயே போய்விட்டது. முதல் மனைவியின் மகன் ழான் பியேர் ஓவியனாகி, 1754இல் ரோமில் படிக்கிற அரசுப் பரிசை வாங்கினான். 1762இல் ஜெனோவா பக்கம் கடலில் ஆங்கிலேயக் கப்பற்கொள்ளையரிடம் மாட்டி விடுபட்டான். பிறகு வெனிஸில் கால்வாயில் விழுந்து செத்தான் என்று சொல்வார்கள், தானே விழுந்தானோ என்ற சந்தேகமும் உண்டு. எப்படியிருந்தாலும், 1775இல் இந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது கிழவனும் கிழவியும்தான்.

நடுவில் நடந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1755இல் ஷார்தான் ஓவியக் கழகத்தின் பொருளாளர் ஆனார். அவர் கைக்கு வந்தபோது கணக்கு சீர்கெட்டுக் கிடந்தது, முன்னால் பார்த்த ஆள் துண்டு விழ வைத்துவிட்டுப் போயிருந்தான். கிட்டத்தட்ட 20 வருடம், 1774 வரை, அந்தப் பொறுப்பு ஷார்தானிடம் இருந்தது. கணக்கு ஒழுங்காகவும் ஆனது. அந்த வேலையில் பெரும் பங்கு மனைவியுடையது. கழகத்தின் செயலாளராக இருந்த கோஷான், ஷார்தானின் நெருங்கிய நண்பர், ஷார்தான் இறந்தபின் அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதியவரும் அவர்தான். அதே கோஷான் 1750களில் மதாம் ஷார்தானைப் பக்கவாட்டில் வரைந்திருக்கிறார், அதை லொரான் கார் 1755இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். பொருளாளர் பதவி கிடைத்த அதே வருடம்.

இன்னொரு படமும் உண்டு. கூண்டுப் பறவைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னக் கைப்பெட்டியைச் சுற்றுகிற சீமாட்டி, 1751இல் பதினைந்தாம் லூயி அரசருக்காக வரைந்தது. அதில் இருப்பவள் பிரான்சுவாஸ் மார்கரித்தான் என்று கருதப்படுகிறது. அது அவளாக இருந்தால், 24 வருடம் முன்னும் பின்னும் ஒரே பெண்ணைப் பார்க்கிறோம். முதலில் பட்டும் பறவையும் அலங்காரமும். பிறகு வெறும் தலைத்துணி.

இப்போது படத்துக்குக் கிட்டே போவோம். அந்தக் காலப் பாஸ்டல்காரர்களில் பலர் குச்சியால் நிறத்தைப் போட்டுவிட்டு விரலாலோ தோல்சுருளாலோ தேய்த்து மழமழவென்று ஆக்கிவிடுவார்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஷார்தான் பெரும்பாலும் அப்படித் தேய்க்கவில்லை. கோடுகளை அப்படியே விட்டார். பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று, சாய்வாக இழுத்த கீற்றுகள். கன்னத்தில் சிவப்பு இருக்கும், அதன் பக்கத்திலேயே பச்சை இருக்கும், மஞ்சள், நீலம் எல்லாம் இருக்கும். கிட்டேயிருந்து பார்த்தால் கிறுக்கல். நாலு அடி தள்ளி நின்றால் தோல், அதுவும் வயதான தோல், ரத்தம் மெல்லிசாக ஓடுகிற தோல்.

19ஆம் நூற்றாண்டில் ஷார்தானை மறதியிலிருந்து மீட்டவர்களில் முக்கியமான எழுத்தாளர்கள், எட்மோன், ழூல் கோன்கூர் சகோதரர்கள், இந்தப் படத்தின் முன்னால் நின்று மூக்கில் விரல் வைத்துப்போய் எழுதியது ஒன்று உண்டு. அவர்கள் கண்டது இது: முழுக்க வெள்ளையாகத் தெரிகிற அந்தத் தலைத்துணி, பார்க்கப்போனால் நீலம். வெறும் நீலம். முகத்தின் வெளுப்பு மஞ்சளால் செய்தது, அங்கே வெள்ளை ஒரு துளிகூட இல்லை. துணிக்குள் வடிகட்டி நெற்றிப்பொட்டில் விழுகிற வெளிச்சம், அதன் நிழல், எல்லாம் நீலமும் சிவந்த பழுப்புமான கோடுகள். நிஜமான வெள்ளைச் சுண்ணக்கட்டி பட்டது மொத்தமே மூன்று இடத்தில், மூக்கு நுனியில் ஒன்று, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு.

கோன்கூர் சகோதரர்கள் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறவர்கள்தான், அவர்கள் நடையே அப்படி. ஆனால் விஷயம் சரி. வெள்ளைத் துணி என்று நாம் சொல்வது நிஜத்தில் ஒரு நிறமே இல்லை. ஜன்னல் பக்கம் இருந்தால் அது வானத்தை வாங்கிக்கொள்ளும், மடிப்புக்குள் நிழல் நீலம் தட்டும், பக்கத்தில் தோல் இருந்தால் அதன் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மூளைதான் இதெல்லாவற்றையும் தள்ளிவிட்டு "வெள்ளை" என்று சீட்டு ஒட்டுகிறது. ஷார்தான் சீட்டை விட்டுவிட்டுத் துணியை வரைந்தார். சுற்றிலும் எல்லாம் சரியான இடத்தில் இருப்பதால் நீலக் கோட்டை நாமே வெள்ளையாகப் படித்துக்கொள்கிறோம்.

இதில் கருவிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இரண்டு நிறத்தைத் தட்டில் குழைத்து மூன்றாவதைச் செய்யலாம், தப்பென்றால் சுரண்டலாம், காய்ந்தபின் மேலே மெல்லிய பூச்சு கொடுக்கலாம். பாஸ்டலில் குச்சிக்கு ஒரு நிறம், அதைக் குழைக்க முடியாது. கலவை நடக்க வேண்டுமென்றால் ஒன்று காகிதத்தில் நடக்க வேண்டும், இல்லையென்றால் பார்க்கிறவன் கண்ணில். லா தூர் போன்றவர்கள் நிறையக் குச்சிகளும் தேய்ப்புமாக இதைச் சமாளித்தார்கள். ஷார்தான் கண்ணிடமே விட்டுவிட்டார். பாஸ்டலுக்கு வந்ததால்தான் அவர் இப்படி மாறினார் என்றும் சொல்ல முடியாது. எண்ணெய் ஓவியத்திலேயே அவர் வேலை அப்படித்தான் இருந்தது. 1763 கண்காட்சியைப் பற்றி எழுதும்போதே அன்றைய எழுத்தாளரும் கலை விமர்சகருமான திதரோ, கிட்டே போனால் எல்லாம் கலங்கித் தட்டையாகி மறைகிறது, தள்ளிப் போனால் மறுபடி உருவாகிறது என்று வியந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் எடுத்த கருவி, அவர் ஐம்பது வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலையின் எலும்பை வெளியே காட்டிவிட்டது என்பது என் எண்ணம்.

காட்சிக்கு வந்த கதையும் வேடிக்கை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்போது அரண்மனையாக இருந்த லூவரில் நடந்த சலோன் கண்காட்சியில் 1775இல் ஷார்தான் வைத்தது "பாஸ்டலில் மூன்று தலைகள், பயிற்சிக்காக வரைந்தவை", மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண். யார் தலை என்று இல்லை. அதில் ஒன்று மனைவி, இன்னொன்று அவரே என்று கருதப்படுகிறது. பிரபுக்களின் உருவப்படங்கள் பட்டப்பெயரோடு தொங்கின கூடத்தில் இவர்கள் இருவரும் பெயரில்லாத தலைகள்.

அந்த "அவரே" படத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் மனைவியின் படத்துக்கு அதுதான் ஜோடி. அதே 1775, லூவரிலேயே இருக்கிறது. தலையில் கட்டு, நெற்றியில் கண் கூசாமலிருக்க ஒரு பச்சை மறைப்பு, மூக்கில் கண்ணாடி, கழுத்தில் துணி. பெரிய ஓவியர் தன்னை வரைந்தால் தூரிகையும் பதக்கமும் பட்டுச்சட்டையுமாக நிற்பது வழக்கம். இவர் கண் பலவீனத்துக்கான சாதனங்களை மாட்டிக்கொண்டு, வீட்டில் படுக்கப்போகும் கோலத்தில் நம்மைப் பார்க்கிறார். பிற்கால பிரெஞ்சு ஓவியர் செஸான் 1904இல் சக ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கண்ணாடியையும் மறைப்பையும் நினைவுபடுத்திவிட்டு, ஆள் பலே கில்லாடி என்கிற தொனியில் ஷார்தானைப் பாராட்டுகிறார். ஒரு கண்தொல்லைக்காரரின் கருவிகளைப் பரிதாபமாகப் பார்க்காமல், பார்ப்பதற்கான உத்தியாகப் பார்த்தது செஸானின் கூர்மை.

இருவரும் தலையை மூடியிருக்கிறார்கள், இருவரும் வீட்டு உடை, இருவரும் நேராகப் பார்க்கிறார்கள். அவர் பார்வையில் கொஞ்சம் விளையாட்டு இருக்கிறது. அவள் பார்வையில் இல்லை. அது அலுப்பு என்பார்கள், பொறுமை என்பார்கள். பல மணி நேரம் எதிரே உட்கார்ந்து, கணவனின் மங்கிய கண் தன் முகத்தைத் துருவிக்கொண்டிருப்பதைத் தாங்கிக்கொண்ட பெண்ணுக்கு இரண்டும் இருந்திருக்கும்.

1776இல் இரண்டு படங்களையும் ஷார்தான் மறுபடி வரைந்தார். அந்த இரண்டும் இப்போது சிகாகோ கலைக்கூடத்தில், கித்தானில் ஒட்டிய நீலக் காகிதத்தில் இருக்கின்றன. நீலக் காகிதம் பாஸ்டல்காரர்களுக்குப் பழக்கமானது. நடுத்தரமான நிறம் ஏற்கெனவே தயாராக இருக்கும், மேலே வெளிச்சமும் நிழலும் மட்டும் சேர்த்தால் போதும். தலைத்துணி நீலமாக இருப்பதன் ரகசியத்தில் கொஞ்சம் அந்தத் தாளுக்கும் சேரும்.

இன்னொரு நன்மை பாஸ்டலில் தற்செயலாகக் கிடைத்தது. எண்ணெயும் வார்னிஷும் இல்லாததால் காலப்போக்கில் மஞ்சளிக்கவும் கறுக்கவும் அதில் ஒன்றும் இல்லை. 250 வருடமான எண்ணெய் ஓவியத்தில் நாம் பார்ப்பது பாதி வார்னிஷ். பாஸ்டலில் குச்சி பட்ட பொடியேதான். விலை என்னவென்றால் வெளிச்சம் அதற்கு ஆகாது, அதிர்ச்சி ஆகவே ஆகாது. அதனால் இவற்றை மங்கிய வெளிச்சத்தில்தான் வைப்பார்கள், எப்போதும் வெளியே மாட்டியும் வைக்க மாட்டார்கள். லூவருக்குப் போகிறவர்கள் அன்றைக்கு அவள் தரிசனம் தருகிறாளா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஷார்தானின் கடைசி வருடங்கள் அவ்வளவு சுகமில்லை. நண்பர் கோஷானின் செல்வாக்கு சரிந்தது, மேலிடத்தில் புதிய ஆட்கள், அவர்களுக்கு வேண்டியது பெரிய வரலாற்று ஓவியங்கள். 1779 சலோனில் அவர் வைத்த ஒரு பாஸ்டல், வேலைக்காரப் பையனின் தலை, பதினைந்தாம் லூயியின் மகள் மதாம் விக்தவாருக்குப் பிடித்துப்போய் பணத்துக்குப் பதில் ஒரு தங்க மூக்குப்பொடி டப்பா வந்தது. அந்த டிசம்பர் 6ஆம் தேதி, லூவரில் அரசர் கொடுத்திருந்த குடியிருப்பில், இறந்துபோனார்.

பிரான்சுவாஸ் மார்கரித் இன்னும் 12 வருடம் இருந்தாள். அவள் 1791இல் கண் மூடியபோது பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது, பவுடர் பூசிய அந்த முகங்களில் பலர் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள்.